பழைய டெஸ்க்டாப்ல இருந்து கேமிங் லேப்டாப்புக்கு: நம்ம ஊர் சூட்டுக்கு ஏத்த மாதிரி வாங்க ஒரு முழு வழிகாட்டி

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து சொந்தக்காரப் பசங்க, கூட வேல செய்றவங்கன்னு நிறைய பேர் என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், வீட்டுல பழைய டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு, புது கேம் எதுவும் ஒழுங்கா ஓட மாட்டேங்குது, பேசாம நல்ல கேமிங் லேப்டாப்பா வாங்கிடலாமா, கேஎல் லோயாட் கம்ப்யூட்டர் மாலுக்குப் போனா எத எடுக்குறது. வாட்ஸப்ல ஒவ்வொருத்தருக்கும் துண்டு துண்டா பதில் போடுறதுக்கு எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டா நல்லதுன்னு தோணுச்சு. நீளமாதான் இருக்கும், ஆனா அஞ்சாயிரம் வெள்ளிக்கு மேல போடப் போற காசு, பொறுமையா படிங்க.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இதுதான் கடைசி வரைக்கும் திரும்பத் திரும்ப வரும். கேமிங் லேப்டாப்ல கிராஃபிக்ஸ் கார்டு பேரு என்னன்றது ரெண்டாவது விஷயம். அந்தக் கார்டுக்கு எத்தன வாட் பவர் குடுக்குறாங்க, அதுல வர்ற சூட்ட அந்த பாடியால வெளிய தள்ள முடியுதா, இதுதான் மொத விஷயம். டெஸ்க்டாப்ல பெரிய கேசு, பெரிய ஃபேன், அதனால சூட்டப் பத்தி நாம யாரும் பெருசா கவலப்பட்டதில்ல. லேப்டாப்ல ஸ்பீடு, சத்தம், ஆயுசு எல்லாத்தையும் சூடுதான் முடிவு பண்ணுது, அதுவும் ஏர்கோன் இல்லாத ரூம்ல மத்தியான நேரம் 32 டிகிரி இருக்குற நம்ம மலேசியால.

படி 1: உண்மையிலேயே லேப்டாப்தான் வேணுமான்னு பாருங்க

பழைய டெஸ்க்டாப்ல என்ன சிப் (ப்ராசசர்), என்ன கார்டு (கிராஃபிக்ஸ் கார்டு) இருக்குன்னு மொதல்ல எழுதி வச்சுக்குங்க. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ன்ற செக்யூரிட்டி வசதி வேணும், இன்டெல்னா 8ஆவது ஜெனரேஷன்ல இருந்து, ஏஎம்டின்னா ரைசன் 2000 வரிசைல இருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஏத்துக்குது. கார்டு பக்கம் பாத்தா என்விடியாவோட ஜிடிஎக்ஸ் 900, ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு 2025 அக்டோபரோட புது கேம் டிரைவர் வர்றது நின்னு போச்சு, இனிமே 2028 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான். அதாவது என் வயசுப் பசங்க பாதி பேர் ஆசையா வச்சிருந்த ஜிடிஎக்ஸ் 1060 இப்ப ஓய்வு பெற்ற கார்டு.

ஆனா எல்லாரும் லேப்டாப் வாங்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. உங்க மதர்போர்டு ஏஎம்4 (ஏஎம்டி சிப் சொருகுற ஒரு சாக்கெட்) போர்டா இருந்தா, பயாஸ் (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணி ரைசன் 5000 வரிசை சிப் ஒண்ணு போட்டு ஒரு புது கார்டும் சொருகிட்டா, அதே காசுக்கு எந்த லேப்டாப்பும் தர முடியாத வேகம் கெடைக்கும், போர்டு கம்பெனியோட வெப்சைட்ல அந்த சிப்புக்கு சப்போர்ட் இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. ஒரே வீடு, ஒரே மேச, எங்கயும் தூக்கிட்டுப் போகப் போறதில்லன்னா நான் டெஸ்க்டாப்தான் சொல்வேன், எத்தன தடவ கேட்டாலும் அதே பதில்தான்.

லேப்டாப் யாருக்குன்னா, பினாங்கு யுஎஸ்எம் யுனிவர்சிட்டில எடம் கெடச்சு ஹாஸ்டலுக்குப் போற பிள்ளைங்க, செத்தாப்பாக்ல ரூம் எடுத்துத் தங்கி வருஷத்துக்கு ஒரு தடவ ரூம் மாத்துறவங்க, பாயான் லெப்பாஸ்ல வேல செஞ்சுகிட்டு லீவு வந்தா பட்டர்வொர்த்ல ஈடிஎஸ் ரயில் ஏறி கேஎல் வீட்டுக்கு வர்றவங்க, இவங்களுக்கு. இவங்களுக்கு டெஸ்க்டாப் எவ்ளோ நல்லதா இருந்தாலும் கூட வராதே. அவசரமும் இல்ல, காசும் இப்ப இல்லன்னா விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் குடுக்குற கூடுதல் செக்யூரிட்டி அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைக்கும் இருக்கு, அதப் பதிஞ்சுட்டு அந்த நேரத்துல காசு சேத்துக்கலாம்.

படி 2: காசுக் கணக்கு

லேப்டாப் விலைய மட்டும் பாத்துட்டுப் போகாதீங்க. அதுக்கு மேல ஒரு ஸ்டாண்டு, நல்ல எக்ஸ்டென்ஷன், பழைய டிஸ்க்க மாட்டுற கேசிங், தூக்கிட்டுப் போற பை, இதுக்கெல்லாம் ஒரு முந்நூறு நானூறு வெள்ளி தனியா ஒதுக்கிடுங்க. அதே நேரம் பழைய செட்டுல இருந்து மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் எல்லாம் அப்படியே கூட வரும், அதுல ஒரு காசு செலவு இல்ல. நல்ல 24 இன்ச் 27 இன்ச் மானிட்டர் இருக்குறவங்க அத வித்துடாதீங்க, வீட்டுல இருக்குறப்ப லேப்டாப்ப அதுல மாட்டி விளையாடுறதுதான் கழுத்துக்கும் நல்லது கண்ணுக்கும் நல்லது.

2025ல வந்த, என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு போட்ட லேப்டாப்புங்க அஞ்சாயிரம் ஆறாயிரம் வெள்ளி பக்கம் இருந்துச்சு, 5070டிஐ 5080ன்னு மேல போகப் போக வெலயும் அப்படியே ஏறிடும். இதுல ஒரு முக்கியமான விஷயம், 2025 கடைசில இருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரிய அள்ளிகிட்டுப் போறதால ரேம், எஸ்எஸ்டி வெல எல்லாம் ஏறிப் போச்சு. முன்னெல்லாம் 8ஜிபி ரேம் உள்ளத வாங்கி பிறகு மெதுவா கூட்டிக்கலாம்னு சொல்வோம், இப்ப அந்தக் கணக்கு சரியா வராது, வாங்குறப்பயே 16ஜிபி, முடிஞ்சா 32ஜிபி உள்ளதா எடுங்க.

வருமான வரி கட்டுறவங்களுக்கு இன்னொண்ணு. எல்எச்டிஎன்ல (வருமான வரி வாரியம்) லைஃப்ஸ்டைல் கழிவு 2,500 வெள்ளி வரைக்கும் இருக்கு, அதுல சொந்த உபயோகத்துக்கு வாங்குற கம்ப்யூட்டர், ஸ்மார்ட்ஃபோன், டேப்லெட், புத்தகம், இண்டர்நெட் பில் எல்லாம் சேந்து வரும். பில்லு வரி கட்டுறவங்க பேர்லயே போட்டு வாங்குங்க, தம்பி பேர்ல போட்டுட்டு அப்பா கழிவு கேக்க முடியாமப் போயிடக் கூடாது. அந்த ரிசீட்ட ஏழு வருஷம் வச்சிருக்கணும், கடை ரிசீட்டு மை ஒரு வருஷத்துலயே அழிஞ்சிடும், அன்னிக்கே ஹேண்ட்போன்ல படம் எடுத்து வச்சிடுங்க.

படி 3: கார்டு பேரு, வாட், மெமரி

இதுதான் எல்லாரும் ஏமாந்து போற எடம், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

லேப்டாப்ல 5090ன்னு எழுதியிருந்தா அது டெஸ்க்டாப் 5090 கெடயாது. டெஸ்க்டாப் 5090ல 21,760 கூடா கோர் (கார்டுக்குள்ள கணக்குப் போடுற சின்ன யூனிட்) இருக்கு, லேப்டாப் 5090ல 10,496தான், பாதிக்கும் கம்மி, உள்ள இருக்குறது டெஸ்க்டாப் 5080ல போடுற சிப்பு. கீழ வந்தாலும் அதே கததான், டெஸ்க்டாப் 5070ல 6,144 கோர், லேப்டாப் 5070ல 4,608. அதனால டெஸ்க்டாப் கார்டோட வீடியோ டெஸ்ட்ட பாத்துட்டு இதே வேகம் வரும்னு நெனச்சு லேப்டாப் வாங்காதீங்க, தேடுறப்பயே லேப்டாப்னு சேத்து தேடுங்க.

அடுத்தது வாட். ஒரே கார்டு, ஒரே பேரு, ஆனா லேப்டாப் கம்பெனி அதுக்கு எவ்ளோ பவர் குடுக்கணும்னு அவங்களே முடிவு பண்ணிக்கலாம். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்ட எடுத்துக்குங்க, 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் எது வேணா குடுக்கலாம்னு என்விடியாவே சொல்லியிருக்கு. ஒரே சமையல்காரர், ஒரு வீட்டுல சின்ன ஸ்டவ்வு, இன்னொரு வீட்டுல கல்யாண அடுப்பு, அதே ஆளுதான் ஆனா சாப்பாடு வர்ற வேகம் ஒண்ணா இருக்குமா? மெல்லிசான பாடில கம்மி வாட்ல ஓடுற பெரிய கார்டு, கனமான பாடில முழு வாட்ல ஓடுற சின்ன கார்டுகிட்ட தோத்துப் போறது சர்வ சாதாரணம். கம்பெனி வெப்சைட்ல அந்த மாடலோட ஸ்பெக் பக்கத்துல, பெரும்பாலும் கீழ சின்ன எழுத்துல, மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர் இல்லன்னா டிஜிபின்னு போட்டிருப்பாங்க, அந்த நம்பர எழுதிக்குங்க. போடவே இல்லன்னா அந்த மாடல்ல எனக்கு நம்பிக்க வராது.

மெமரி மூணாவது. 2025ல வந்த 50 வரிசைல 5050, 5060, 5070 மூணு லேப்டாப் கார்டுக்கும் 8ஜிபிதான், 5070டிஐக்கு 12ஜிபி, 5080க்கு 16ஜிபி, 5090க்கு 24ஜிபி. புது கேமுங்க டெக்ஸ்சர ஏத்தி வச்சா 8ஜிபிய சுலபமா தின்னுடுது, மெமரி பத்தலன்னா கார்டு எவ்ளோ வேகமா இருந்தாலும் கேம் விக்கி விக்கித்தான் ஓடும். அதனாலதான் என் கணக்குல முக்காவாசிப் பேருக்கு முழு வாட்ல ஓடுற 5060 போதும், அதுக்கு மேல போகணும்னா காசு சேத்து ஒரேயடியா 5070டிஐக்கு போங்க, நடுவுல 8ஜிபி 5070க்கு ஆயிரக்கணக்குல கூடப் போடுறது எனக்கு மனசு ஒப்பல, நல்ல ஆஃபர் வந்தா மட்டும் யோசிங்க.

கடைக்காரங்க டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷன (உண்மையான ஃப்ரேமுக்கு நடுவுல கார்டே ஃப்ரேம் உருவாக்கி சேக்குற வசதி) காட்டி இரநூறு எஃப்பிஎஸ் (நொடிக்கு இத்தன ஃப்ரேம்) வருது பாருங்கம்பாங்க. நல்ல தொழில்நுட்பம்தான், நானும் போட்டுத்தான் விளையாடுறேன், ஆனா அதுக்கு அடியில உண்மையான ஃப்ரேம் ஒரு அறுவதாவது இருக்கணும், முப்பதுல இருந்து இழுத்தா நம்பர் மட்டும் பெருசா இருக்கும், கை ஆட்டுனதுக்கும் ஸ்க்ரீன்ல நடக்குறதுக்கும் நடுவுல ஒரு தாமதம் தெரியும். வலோரண்ட், டோட்டா மாதிரி போட்டி கேம் விளையாடுறவங்களுக்கு இது தேவையே இல்ல.

இன்னொண்ணு மக்ஸ் ஸ்விட்ச். சாதாரண லேப்டாப்ல பெரிய கார்டு வரைஞ்ச படம் சிப்போட சின்ன கிராஃபிக்ஸ் வழியா சுத்திகிட்டுத்தான் ஸ்க்ரீனுக்கு வரும், அதுல கொஞ்சம் வேகம் போயிடும். மக்ஸ் இருந்தா நேரா வரும். அட்வான்ஸ்டு ஆப்டிமஸ்னு போட்டிருந்தா அதுவே தானா மாத்திக்கும், கேட்டு வாங்குங்க.

படி 4: சூடு

யூடியூப்ல, வெப்சைட்ல வர்ற ரிவியூ பெரும்பாலும் குளிர் நாட்டுல, 21 22 டிகிரி ரூம்ல எடுத்தது. உள்ள போற காத்து எவ்ளோ சூடோ அதுக்கு மேலதான் சிப்போட சூடு ஏறும், அதனால அங்க கார்டு 75 டிகிரின்னு காட்டுனா, நம்ம ஃப்ளெட்ல ஃபேன் காத்துல அது 83 85க்கு போகும்னு மனசுல கூட்டிக்குங்க. அங்கயே 87 88ல முட்டிகிட்டு நிக்கிற மாடல்னா இங்க அதுக்கு எடமே இல்ல, வேகத்தக் கொறச்சுகிட்டு தன்ன காப்பாத்திக்கும், நீங்க காசு குடுத்த வேகம் கைக்கு வராது. மாடல் தேர்ந்தெடுக்குறப்ப அரை மணி நேரம் கேம் ஓட்டுன பிறகு எவ்ளோ வாட், எவ்ளோ சூடுன்னு காட்டுற ரிவியூவத் தேடுங்க, அஞ்சு நிமிஷ டெஸ்ட்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

பாடி கொஞ்சம் தடிமனா இருக்கணும், பின்பக்கம் காத்து வெளிய போற வழி பெருசா இருக்கணும். ரெண்டர கிலோ இருக்கேன்னு யோசிப்பீங்க, ஆனா கேமிங் லேப்டாப்ப தெனமும் தோள்ல தூக்கி எல்ஆர்டி ஏறப் போறவங்க கம்மி, வாரத்துக்கு ஒரு தடவ தூக்குறதுக்கு ஒண்ணே முக்கால் கிலோ மெல்லிசு மாடலுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் கூடக் குடுத்து சூட்டயும் சேத்து வாங்குறது எனக்கு நியாயமா படல.

சிப்பு விஷயத்துலயும் சூட்ட மறக்காதீங்க. எச்எக்ஸ்னு முடியுற சிப்புங்க பெரிய வேலைக்காரனுங்க, ஆனா வாட்டும் அதுக்கேத்த மாதிரி உறிஞ்சும், சின்ன பாடில அத போட்டா சிப்பும் கார்டும் ஒரே சூட்டுக்கு அடிச்சுக்கும். கேமுக்கு மட்டும்னா எட்டு கோர் போதும். பேர்லயும் கவனமா இருங்க, புது பேர வச்சு பழைய சிப்ப விக்கிறது இன்டெல், ஏஎம்டி ரெண்டு கம்பெனிலயும் உண்டு, ரைசன் 7 7735எச்எஸ் பாக்க 7000 வரிசை மாதிரி இருக்கும், உள்ள ஏஎம்டியோட பழைய ஜென் 3 பிளஸ் டிசைன்தான், ரைசன் 7 260ன்னு புதுசா வர்றதுக்கு உள்ளயும் பழைய ஜென் 4தான். மோசமான சிப்புன்னு சொல்லல, பழைய சிப்புக்கு புது சிப்பு வெல குடுக்காதீங்கன்றேன்.

படி 5: மத்த சாமானுங்க

ஸ்க்ரீன்ல மட்டும் கஞ்சத்தனம் வேணாம், ஏன்னா மத்ததெல்லாம் பிறகு மாத்தலாம், ஸ்க்ரீன மாத்துறது லேசுப்பட்ட வேல கெடயாது. ஸ்பெக்ல கலர் அளவு 45% என்டிஎஸ்சின்னு போட்டிருந்தா கலர் வெளிறிப் போய் இருக்கும், 100% எஸ்ஆர்ஜிபி உள்ளத எடுங்க. வெளிச்சம் 300 நிட்ஸ் ரூமுக்கு சரி, ஜன்னல் பக்கம் உக்கார்றவங்களுக்கு 400, 500. 5060க்கு ரெசல்யூஷன் 1920க்கு 1200ஓ 2560க்கு 1600ஓ ரெண்டும் ஓடும், 165 ஹெர்ட்ஸ் (ஸ்க்ரீன் நொடிக்கு எத்தன தடவ மாறுதுன்ற அளவு) தாராளம்.

ரேம் போர்டுலயே ஒட்டி வச்சதா, சொருகுறதான்னு பாருங்க, ஒட்டுனதுன்னா கடைசி வரைக்கும் அதேதான். சொருகுறதுன்னா ரெண்டு குச்சியா இருக்குறது நல்லது, 16ஜிபி ஒரே குச்சின்னா டூயல் சேனல் (ரெண்டு குச்சியும் சேந்து வேல செய்றது) கெடைக்காம கேம் வேகம் கொறையும். எஸ்எஸ்டிக்கு ரெண்டாவது எம்.2 எடம் காலியா இருந்தா பெரிய நிம்மதி, ஏன்னு எட்டாவது படில சொல்றேன். பேட்டரில ஒன்ற மணி நேரம் கேம் ஆடுவேன்னு கனவு வேணாம், சார்ஜர் இல்லாம எந்த கேமிங் லேப்டாப்பும் முழு வேகத்துல ஓடாது. க்ளாஸ்க்கு போறப்ப மட்டும் யுஎஸ்பி டைப்-சி போர்ட்டுல 100 வாட் சார்ஜர் போட முடிஞ்சா அந்த செங்கல் கட்டி சார்ஜர ரூம்லயே விட்டுட்டுப் போகலாம், இந்த வசதி இருக்கான்னு கேளுங்க.

படி 6: எங்க வாங்குறது, எப்படிப் பேசுறது

கேஎல்ல லோயாட்தான், எம்ஆர்டில புக்கிட் பிந்தாங் எறங்குனா நடந்துடலாம். பிஜேகாரங்களுக்கு செக்‌ஷன் 14 டிஜிட்டல் மால் இருக்கு. பினாங்குல கொம்தார் பிராங்கின் மால் பக்கம். ஷோப்பி, லசாடாவுல வாங்குறதுன்னா கம்பெனியோட அதிகாரபூர்வ கடைல மட்டும் வாங்குங்க, 11.11, 12.12 மாதிரி நாள்ல வவுச்சர் எல்லாம் சேத்தா கடை வெலய விட கம்மியா வர்றது உண்டு, ஆனா ஒரு மாசம் முன்னாடியே அந்த மாடல் வெலய படம் எடுத்து வச்சிருந்தாதான் உண்மையான கழிவான்னு தெரியும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே ரெண்டு மாடல முடிவு பண்ணிட்டுப் போங்க, மாடல் கோடு முழுசா எழுதிட்டுப் போங்க, ஒரே பேர்ல நாலு விதம் இருக்கும், கடைசி சில எழுத்துலதான் வித்தியாசம் தெரியும். உள்ள நுழைஞ்ச ஒடனே பாஸ் பாஸ்னு கூப்பிடுவாங்க, நேரா போய் மாடல் கோட காட்டி வெல கேளுங்க. அந்த மாடல் ஸ்டாக் இல்ல பாஸ், இது அதவிட நல்லதுன்னு வேற ஒண்ண எடுத்து வச்சா, சரி பாஸ் இது எத்தன வாட்னு ஒரு கேள்வி கேளுங்க, பதில் தெரிஞ்ச ஆளா இருந்தா மேல பேசலாம், இல்லன்னா நன்றி சொல்லிட்டு அடுத்த கடைக்குப் போயிடுங்க. பை, மவுஸ், ஹெட்செட் ஃப்ரீன்னா, எனக்கு அது வேணாம் அதுக்குப் பதிலா வெலய கொறச்சுக் குடுங்கன்னு கேக்குறதுல தப்பே இல்ல, நிறைய எடத்துல கொறைப்பாங்க.

மலேசியா செட்டா, வெளிநாட்டுல இருந்து வந்த ஏபி செட்டான்னு கண்டிப்பா கேளுங்க. ஏபி செட் வெல கம்மியா இருக்கும், ஆனா வாரண்டி கடைக்காரரோட வாரண்டிதான், கடை மூடிட்டா வாரண்டியும் மூடிடும். கேமிங் லேப்டாப்புக்கு நான் ஏபி செட்ட சொல்லவே மாட்டேன், சூட்டுல ஓடுற பொருள், ரெண்டு மூணு வருஷத்துல ஒரு தடவையாவது ஃபேனுக்கோ போர்டுக்கோ சர்வீஸ் தேவப்படலாம். கம்பெனி சர்வீஸ் சென்டர் உங்க ஊர்ல இருக்கா, வீட்டுக்கே வந்து பாக்குற வாரண்டியா, இதயும் கேட்டுக்குங்க, ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு வீட்டுக்கு வர்ற வாரண்டி ரொம்ப ஒதவி.

கிரெடிட் கார்டுல 0% தவண போடுறப்ப கேஷ் வெலயும் தவண வெலயும் ஒண்ணான்னு பாருங்க, சில கடைல தவணைக்குன்னு வேற வெல இருக்கும், அப்ப அது 0% கெடயாது. கடையோட பெரிய தகராறு வந்து பேசித் தீரலன்னா துரிபுனல் துந்துத்தான் பெங்குனா (பயனீட்டாளர் கோரிக்கை மன்றம்) இருக்கு, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், பதிவுக் கட்டணம் அஞ்சு வெள்ளி, வக்கீல் வேணாம். ரிசீட்டும் வாட்ஸப்ல பேசுனதும் கைல இருக்கணும், அவ்ளோதான்.

படி 7: கடைலயே தொறந்து பாருங்க

காசு கட்டுறதுக்கு முன்னாடி பெட்டி சீலு, பெட்டில உள்ள சீரியல் நம்பரும் லேப்டாப் அடில உள்ள நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. சார்ஜர் நம்ம மூணு முள்ளு ப்ளக்தானா, சிரிம் (மலேசிய தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்கா. ஆன் பண்ணி வெள்ள, கருப்பு, சிவப்பு, பச்ச, நீலம்னு ஸ்க்ரீன் முழுக்க கலர் காட்டச் சொல்லி செத்த புள்ளி இருக்கான்னு பாருங்க. என்விடியா கண்ட்ரோல் பேனல்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்னு ஒரு எடம் இருக்கு, அதுல அந்தக் கார்டோட அதிகபட்ச வாட் தெரியும், நீங்க எழுதிட்டு வந்த நம்பரோட ஒத்துப் போகணும். ரேம் எவ்ளோ, எத்தன குச்சின்னு டாஸ்க் மேனேஜர்ல தெரிஞ்சிடும். எல்லா கீயும், எல்லா யுஎஸ்பியும், கேமரா, ஸ்பீக்கர், வைஃபை. தவுக்கே மொகம் சுளிச்சாலும் பரவால்ல, பத்து பதினஞ்சு நிமிஷ வேல.

படி 8: பழையதுல இருந்து எல்லாத்தையும் மாத்துறது

பழைய விண்டோஸ அப்படியே காப்பி எடுத்து லேப்டாப்ல போடாதீங்க. டிரைவர் எல்லாம் வேற, எட்டு வருஷக் குப்பையும் கூட வரும். லேப்டாப்போட வந்த விண்டோஸ்லயே ஆரம்பிங்க, அதோட லைசென்ஸ் போர்டுலயே பதிஞ்சிருக்கும்.

மொதல்ல காப்பி பண்ண வேண்டியது படங்க, டாக்குமெண்டு, பிறகு கேம் சேவ். ஸ்டீம்ல பல கேமுக்கு க்ளவுட்ல சேவ் போயிடும், ஆனா எல்லாத்துக்கும் இல்ல, டாக்குமெண்ட்ஸ், சேவ்டு கேம்ஸ், ஆப்டேட்டா மூணு ஃபோல்டரயும் முழுசா எடுத்து வச்சிடுங்க. ஸ்டீம் கேமுங்கள மறுபடி டவுன்லோடு பண்ண வேணாம், ரெண்டு மெஷினும் ஒரே வீட்டு நெட்ல இருந்து ரெண்டுலயும் ஸ்டீம் தொறந்திருந்தா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு நேரா காப்பி ஆகிற வசதி 2023ல இருந்து இருக்கு, லேன் கேபிள் போட்டா நூறு ஜிபி கேமும் டக்குன்னு வந்துடும்.

டிஸ்க் விஷயம். பழைய டெஸ்க்டாப்ல எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி இருந்தா கழட்டி லேப்டாப்போட ரெண்டாவது எடத்துல போட்டுடலாம், தடிமனான ஹீட்சிங்க் ஒட்டியிருந்தா அத மட்டும் எடுத்துடணும், இல்லன்னா மூடி மூடாது. வாரண்டி நேரத்துல மூடியத் தொறக்கலாமான்னு கம்பெனிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்ங்க. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டின்னா ஒரு யுஎஸ்பி கேசிங் வாங்கி வெளிய மாட்டிக்கலாம். ஆனா 3.5 இன்ச் பெரிய ஹார்ட்டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும், யுஎஸ்பில 5 வோல்ட்தான் வரும், அதனால சும்மா கேபிள் மட்டும் வாங்குனா சுத்தாது, தனி அடாப்டரோட வர்ற கேசிங்கா வாங்கணும்.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு ஒரு விஷயம், இத யாரும் சொல்ல மாட்டாங்க. பழைய டெஸ்க்டாப்ல கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, தமிழ்ப்பள்ளி பாடத்தாள்னு பழைய எழுத்துருல அடிச்ச ஃபைலுங்க இருக்கும். நம்ம நாட்டு முத்து நெடுமாறன் 1985லயே உருவாக்குன தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் முரசு அஞ்சல் காலத்துல இருந்து அடிச்சவங்க நம்ம வீடுகள்ல இருக்காங்க, யூனிகோடுக்கு (இப்ப எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியுற எழுத்து முறை) முந்துன ஃபைலுங்க புது லேப்டாப்ல தொறந்தா வெறும் கிறுக்கலா தெரியும். அழிஞ்சு போச்சுன்னு நெனச்சு தூக்கிப் போட்டுடாதீங்க, பழைய மெஷினோட ஃபான்ட்ஸ் ஃபோல்டர முழுசா காப்பி எடுத்து வைங்க, அந்த ஃபான்ட்ட போட்டா எழுத்து திரும்ப வரும், பிறகு கன்வர்ட்டர் வச்சு மெதுவா யூனிகோடுக்கு மாத்திக்கலாம். அப்பா அம்மா அடிச்சு வச்சது ஏதாவது இருந்தா இத மொத வேலையா செய்ங்க, கேமெல்லாம் பிறகு. புது விண்டோஸ் 11லயே தமிழ்99, அஞ்சல் ரெண்டு கீபோர்டும் இருக்கு, செட்டிங்ஸ்ல மொழில தமிழ சேத்தா போதும்.

ஒரு எச்சரிக்க. புது லேப்டாப்ல டிஸ்க் என்க்ரிப்ஷன் உங்கள கேக்காமலே ஆன் ஆகியிருக்கும், அதோட ரெகவரி கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும். அந்த அக்கவுண்ட் பாஸ்வர்டு மறந்து, பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு கீ கேட்டா எல்லாம் போச்சு. முதல் நாளே அந்த கீய பேப்பர்ல எழுதி வீட்டு டாக்குமெண்ட் ஃபைல்ல வைங்க.

படி 9: முதல் வாரத்துல செய்ய வேண்டியது

விண்டோஸ் அப்டேட், கம்பெனியோட பயாஸ் அப்டேட், பிறகு என்விடியா டிரைவர், இந்த வரிசைல முடிச்சிடுங்க. கம்பெனி ஆப்புல பேட்டரி 80%ல நிக்கிற மாதிரி வைங்க, எப்பவும் ப்ளக்ல இருக்குற லேப்டாப்புக்கு பேட்டரி சீக்கிரம் உப்பாம இருக்க இதுதான் வழி.

அதுக்கடுத்து சூட்டக் கொறைக்கிற வேல. எல்லாத்தயும் விட சுலபமானது ஃப்ரேம் லிமிட், 165 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீனா இருந்தாலும் கத கேமுக்கு 80, 90ல பூட்டி வைங்க, கார்டு தேவையில்லாம வெந்துகிட்டு இருக்காது, ஃபேன் சத்தமும் கொறையும். டர்போ மோடு எப்பவும் வேணாம், பேலன்ஸ்டு மோடுல ஓட்டிப் பாத்தா பத்து ஃப்ரேம் கொறையலாம், ஆனா ரூம்ல இருக்குற மத்தவங்க தூங்கலாம். ஸ்டாண்டு போட்டு பின்பக்கத்த ரெண்டு மூணு இன்ச் தூக்கி வைங்க, காத்து பெரும்பாலும் அடிலருந்துதான் உள்ள போகுது, மெத்தைல தலகாணில வச்சு விளையாடுறது அத மூச்சடைக்கிற வேல. ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு ஃப்ரீயா ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அரை மணி நேரம் கேம் ஓட்டி கார்டு வாட், சூடு ரெண்டயும் எழுதி வச்சிடுங்க, ஒரு வருஷம் கழிச்சு அதே கேம ஓட்டிப் பாத்து பத்து டிகிரி ஏறியிருந்தா தூசி அடச்சிருக்கு, இல்லன்னா சூட்டக் கடத்த சிப்பு மேல தடவுற பேஸ்ட் காஞ்சிருக்குன்னு அர்த்தம், கிளீன் பண்ண குடுங்க.

பழைய மானிட்டர மாட்டுறப்ப எந்த போர்ட்டு நேரா பெரிய கார்டுல சேருதுன்னு மேனுவல்ல பாருங்க, பெரும்பாலும் எச்டிஎம்ஐ. அதுல மாட்டுனா மக்ஸ் கவலையும் இல்ல.

இடி. கிள்ளான் பள்ளத்தாக்குல சாயங்கால இடி எப்படி இருக்கும்னு சொல்லத் தேவயில்ல. சர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் போடுங்க, ஆனா பக்கத்துல இடிச்சா அதயும் நம்ப முடியாது, வானம் கருக்க ஆரம்பிச்சா ப்ளக்க கையால கழட்டிடுங்க, சுவிட்ச்ச மட்டும் ஆஃப் பண்றது பத்தாது, லேன் கேபிளயும் எடுத்துடுங்க. பேட்டரி இருக்குற பொருள், மழ நிக்கிற வரைக்கும் படம் பாத்துகிட்டு இருக்கலாம்.

படி 10: பழைய டெஸ்க்டாப்ப என்ன பண்றது

ஒரு மாசம் அப்படியே வைங்க. ஏதாவது ஃபைல் விட்டுப் போச்சுன்னு கண்டிப்பா ஒண்ணு ஞாபகம் வரும். அதுக்குப் பிறகு, விண்டோஸ் 11 ஏறாத மெஷினா இருந்தா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்னு ஃப்ரீயா கெடைக்கிற சிஸ்டம் போட்டு வீட்டுல பெரியவங்களுக்கு யூடியூப், பேப்பர் படிக்க குடுக்கலாம், நல்லா ஓடும். இல்ல பெரிய ஹார்ட்டிஸ்க்க உள்ளயே விட்டு வீட்டுப் படங்களுக்கு ஒரு பேக்கப் பெட்டியா வச்சுக்கலாம், லேப்டாப் தொலைஞ்சா கூட படம் தொலையாது.

விக்கிறதுன்னா கார்டு, ரேம், பவர் சப்ளைன்னு தனித்தனியா முடாவுலயோ கரோசெல்லயோ போட்டா மொத்தமா விக்கிறத விட கூட வரும், ஆனா மினக்கெடணும். டிஸ்க்கோட விக்கிறதா இருந்தா சும்மா டெலிட் பண்ணா பத்தாது, ஹார்ட்டிஸ்க்குன்னா முழுசா மேல எழுதி அழிக்கணும், எஸ்எஸ்டின்னா கம்பெனி டூல்ல செக்யூர் எரேஸ் போடணும், ஐசி படமும் பேங்க் ஸ்டேட்மெண்டும் இருந்த டிஸ்க்குன்னா விக்கவே விக்காதீங்க, கழட்டி நீங்களே வச்சுக்குங்க. செத்துப் போன போர்டு, பவர் சப்ளை எல்லாம் வீட்டு குப்பத் தொட்டில போடாம மின்கழிவு எடுத்துக்குற எடத்துல குடுங்க. வித்து முடிச்ச பிறகு மைக்ரோசாஃப்ட், ஸ்டீம், கூகுள் மூணு அக்கவுண்ட்லயும் உள்ள போய் டிவைஸ் லிஸ்ட்ல பழைய மெஷின் பேர எடுத்துடுங்க.